டைல்ஸுக்கு அடியில் ஒரு மூடி
(அத்தியாயம் 14)

பாத்திரம் கழுவும் தொட்டியில் தேங்கிய தண்ணீரை முறைத்துக்கொண்டு நின்ற ரோசாந்தாவைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். விடிந்து பார்த்தால் தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. அவள் கோபமும் இறங்கவில்லை.

நாள் பார்த்து வந்தது இந்த வினை. அன்றைக்கு மிக்கேல் அதிதூதர் திருநாள், அந்த வீட்டின் ஸ்லாவா. குலசாமிக்குப் படையல் போடுவதுபோல வருஷத்துக்கு ஒரு நாள், வீட்டைக் காக்கும் புனிதருக்கு. ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்க மாட்டார்கள். வருகிறவர்களைத் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். மதியத்துக்குள் சொந்தம், அக்கம்பக்கம், வீட்டோடு இருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு வாடிக்கையாய் வந்து தின்று தீர்க்கும் கிழவர்கள் என்று முற்றம் நிறைந்துவிடும். முட்டைக்கோஸும் புகையில் வாட்டிய பன்றிக்கறியும் நேற்றிலிருந்தே பெரிய பானையில் வெந்துகொண்டிருந்தன.

அதே மதியம்தான் நகராட்சிக் கழிவுநீர்ப் பிரிவிலிருந்து இன்ஸ்பெக்டர் அம்மாளும் வருகிறாள். கொழுப்புத் தொட்டியைத் திறந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுப்படிக்குச் சீல்.

ஓட்டல் நடத்துகிறவர்களுக்குக் கொழுப்புத் தொட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுப்படித் தண்ணீர் தெருக் குழாய்க்குப் போகும் முன் முற்றத்தில் மண்ணுக்கடியில் ஒரு தொட்டியில் நின்று போகும். கொழுப்பு மேலே மிதக்கும், தண்ணீர் அடிவழியாய்ப் போய்விடும். மிதக்கிற கொழுப்பைத் திங்கட்கிழமைதோறும் வாரி எடுக்க வேண்டும். லெஸ்கோவத்ஸ் ஊரில் நாளெல்லாம் கரியில் கறி வாட்டும் கடை அது, கொழுப்புக்கா பஞ்சம்? இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அதை வாருகிறவள் ரோசாந்தாதான். வேறு எவரும் மூக்கைப் பொத்தாமல் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் மகள் நெவெனாவுக்குப் பிரசவம் பார்க்க அவள் நிஷ் நகருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் முற்றம் முழுக்கப் பளபளவென்று டைல்ஸ். கணவனின் அண்ணன் ராதிவோய் பதித்தது. ஜெர்மனியில் பாதி ஆயுளைக் கட்டட வேலையில் கழித்துவிட்டு வந்தவன். எல்லாம் சரி, தொட்டி மூடி எங்கே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக, மூடி டைல்ஸுக்கு அடியில் போயிருந்தது.

"ஸ்லாவாவுக்கு வர்ற சனம் சாக்கடை மூடியையா பாத்துக்கிட்டு உக்காரணும்? திருநாள் முடியட்டும், அறுத்து வழி பண்ணித் தர்றேன்" என்றான் ராதிவோய்.

திருநாள் வரைக்கும் கொழுப்பு பொறுத்திருக்குமா? ரோசாந்தா தன்னால் ஆனதைச் செய்தாள். தட்டுகளைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் கழுவினாள். கறியில் வடிந்த கொழுப்பைத் தகர டப்பாக்களில் பிடித்தாள். அப்படியும் போன வாரம் பக்கத்து வீட்டு நிலவறையில் கொழுப்புத் தண்ணீர் குப்பென்று ஏறிவிட்டது. குளிர்காலத்துக்காக அங்கே பீப்பாயில் ஊறப்போட்டிருந்த முட்டைக்கோஸ் முழுக்க நாசம்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஜிவோத்தா வேற்று மனிதர் இல்லை. இந்த வீட்டுக்குக் கூம். ரோசாந்தாவின் கல்யாணத்தில் சாட்சியாய் நின்றவர், நெவெனாவின் ஞானத்தகப்பன். அந்த ஊரில் கூமோடு பகைத்தவனுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. அப்படிப்பட்டவரே நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார். ஊருக்குக் கேட்க வேண்டுமா? ரோசாந்தா சோம்பேறி, தொட்டியை வாராமல் விட்டுவிட்டாள் என்று சந்தை முழுக்கப் பேச்சு.

ராதிவோய் அந்தப் பேச்சை மறுக்கவில்லை. ஏன் மறுப்பான்? அடுப்படிக்குச் சீல் விழுந்தால் அந்த இடத்தை, காசு கட்டிச் சூதாடும் பந்தயக் கடைக்காரன் ஒருவனுக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று பேசி வைத்திருந்தான். கடை அண்ணன் தம்பி இருவர் பேரில் இருந்தது. ரோசாந்தாவுக்கு என்று இருந்தது அந்த அடுப்புதான். அது அணைந்தால் அவளுக்கு நிற்க இடமில்லை.

இதுவரை கதை. இனி அன்றைய காலை.

"திஹோ, சம்மட்டி எங்க?"

திஹோமிர் கண்ணாடி முன்னால் சட்டைக் காலரோடு போராடிக்கொண்டிருந்தான். ரோசாந்தாவின் கணவன். வாயில்லாப் பூச்சி. கடையில் கறி வாட்டுவான், கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

"எதுக்கு?"

"பல் குத்தறதுக்கு. எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"இன்னைக்கா ரோசா? ஸ்லாவாவும் அதுவுமா?"

"மத்தியானம் அந்தம்மா வந்து நிப்பா. அவகிட்ட டைல்ஸைக் காட்டி, இதுக்கடியில எங்கயோ இருக்குன்னு சொல்லவா?"

"லாரிக்குச் சொல்லலாமே. வந்து உறிஞ்சிட்டுப் போயிருவான்."

"சொன்னேன். அவன் வீட்லயும் இன்னைக்குத்தான் ஸ்லாவா. பாதி ஊருக்கு இன்னைக்கு மிக்கேல்தானே. 'நீங்க வாங்கக்கா, சாப்பிட்டுப் போங்க'ங்கறான். அவனே வந்தாலும் குழாயை எதுக்குள்ள விடுவான்? மூடியே இல்லாத தொட்டியில?"

திஹோமிர் காலர் பொத்தானைப் போட்டான். கழற்றினான். மறுபடி போட்டான்.

"அண்ணன் மனசு கஷ்டப்படும்" என்றான்.

"என் மனசு எங்க போச்சு, நிலவறைக்கா? சம்மட்டி எங்கன்னு கேட்டேன்."

விறகுக் கொட்டகையில் இருந்தது. அவளே போய் எடுத்துக்கொண்டாள். கடப்பாரையையும் எடுத்துக்கொண்டாள்.

முற்றத்தில் ராதிவோய் பெரிய மேசையைப் போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தான். மேலே மெழுகுவர்த்தி, வருகிறவர்கள் முதலில் ஒரு கரண்டி வாயில் போடக் கிண்ணத்தில் இனிப்பாய் வேகவைத்த கோதுமை, ராக்கியாச் சாராயக் குப்பிகள். எந்த இடத்தில் போட்டிருந்தான் என்று நினைக்கிறீர்கள்? திராட்சைப் பந்தலின் முதல் தூணுக்குப் பக்கத்தில், மூடி இருந்த இடத்துக்கு நேர் மேலே.

"அத்தான், மேசையைக் கொஞ்சம் நகத்துங்க."

ராதிவோய் அவள் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"ரோசாந்தா, இது இத்தாலி டைல்ஸ். ஒவ்வொண்ணா என் முட்டி தேயப் பதிச்சது."

"முட்டிக்கு நல்ல களிம்பு இருக்கு, அப்புறம் தர்றேன். மேசையை நகத்துங்க."

"சீல் வெச்சா வெச்சிட்டுப் போறாங்க. என்ன குடி முழுகிடும்? உனக்கும் வயசாகுது. புகையில கிடந்து சாகணும்னு தலையெழுத்தா?"

"என் வயசை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க பந்தயக் கடைக்காரனைப் பாத்துக்கங்க."

அவன் முகம் சிவந்தது. வாசல் பக்கம் திரும்பித் தம்பியைப் பார்த்தான். திஹோமிர் தரையைப் பார்த்தான்.

"நீயாவது சொல்லேண்டா திஹோ" என்றான் ராதிவோய். "நீ சொல்லு."

திஹோமிரின் விரல்கள் காலர் பொத்தானைத் தேடின.

"திருநாளன்னைக்கு வீட்டு முத்தத்தை இடிச்சவளாம்னு ஊரெல்லாம் பேசும்" என்று ராதிவோய் மறுபடி அவளிடம் வந்தான்.

"சோம்பேறின்னு பேசியாச்சு. இதையும் சேத்துப் பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது அத்தான். என் தொட்டிக்காவது மூடி இருக்கு. அதைத் திறக்க விடுங்க."

அதற்குள் வாசலில் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முதல் ஆளாகக் கூம் ஜிவோத்தா, கையில் மது பாட்டிலும் மனைவி கொசானாவுமாக. புகார் கொடுத்தால் என்ன, கூம் ஸ்லாவாவுக்கு வராமல் இருக்க முடியுமா? வந்தவர் ஒரு கரண்டி கோதுமையை வாயில் போட்டுச் சிலுவை வரைந்துகொண்டார். சம்மட்டியைப் பார்த்ததும் கோதுமை அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"என்ன இது ரோசா? இன்னைக்குப் போயி?"

"உங்க நிலவறைக்காகத்தான் கூமே."

"அட, விடு. முட்டைக்கோஸ்தானே. வேற வாங்கிக்கறேன். அந்தம்மாகிட்ட நானே பேசிக்கறேன். இன்னைக்கு அதைத் திறக்காத."

ரோசாந்தாவுக்கு இது விசித்திரமாய் இருந்தது. போன வாரம் இதே மனிதர் அழுகிய முட்டைக்கோஸை வாளியில் அள்ளி வந்து அவள் வாசலில் கொட்டாத குறைதான்.

"புகார் கொடுத்ததே நீங்க. இப்ப திறக்காதங்கறதும் நீங்களா?"

ஜிவோத்தா ராக்கியாவைத் தேடினார்.

ரோசாந்தா மேசை விரிப்பை ஒரு பக்கமாய்ச் சுருட்டினாள். மெழுகுவர்த்தியை எடுத்துப் பத்திரமாய் ஜன்னலில் வைத்தாள். பிறகு மேசையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அதன் கால்கள் புது டைல்ஸில் கிரீச்சிட்டன. யாரும் உதவவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஸ்லாவாவுக்கு வந்தவர்கள் ஒரு கையில் கோப்பையும் மறு கையில் கரண்டியுமாய் வாய் பிளந்து நின்றார்கள்.

கடப்பாரையின் பின்முனையால் தட்டிப் பார்த்தாள். பந்தல் தூணுக்குப் பக்கத்தில் சத்தம் பானையைத் தட்டுவதுபோல் கேட்டது. அங்கே நின்று, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, சம்மட்டியை ஓங்கினாள்.

முதல் அடியில் டைல்ஸ் கீறியது. இரண்டாவதில் உடைந்தது. மூன்றாவதில் தன் ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து இறக்கினாள். துண்டுகள் பறந்து ராக்கியாக் குப்பிமேல் விழுந்தன. ராதிவோய் கண்ணை மூடிக்கொண்டான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பதித்திருந்தான். உடைக்க அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் அடிக்க அடிக்க அவளுக்குச் சந்தோஷமாய் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

மூடி தெரிந்தது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள்.

வாடை எழுந்ததும் கூட்டம் இரண்டடி பின்வாங்கி, வேடிக்கை பார்க்கும் ஆசையில் மூன்றடி முன்வந்தது. தொட்டி விளிம்பு வரை அடைந்திருந்தது. நவம்பர்க் குளிரில் கொழுப்பு கல்லாய் இறுகிப் போயிருந்தது. மண்வெட்டியைக் குத்தினால் பாலாடைக்கட்டி மாதிரி துண்டு துண்டாய் வந்தது. அடியில் இருந்தது அவளுக்குப் பழகிய சாம்பல் நிறக் கொழுப்பு, கொஞ்சம்தான். மேலே இருந்தது வேறு. பழுப்பு நிறம், முழுக்கப் பன்றிக் கொழுப்பு, உள்ளே கரிக்கட்டை மாதிரி ஏதேதோ.

ஒரு துண்டை மண்வெட்டியில் ஏந்தி வெளியே வைத்தாள். கிழவர்கள் குனிந்தார்கள். வருஷா வருஷம் பன்றி அறுத்துக் கொழுப்பு உருக்கி, மிஞ்சும் மொறுமொறு வறுவலைத் தின்கிற ஊர் அது. யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கொழுப்பு வறுவல் இல்ல இது?" என்றார் ஒருவர்.

"வறுவல்தான். தீய விட்டிருக்கான். எந்த மடையன் வேலை?" என்றார் இன்னொருவர்.

அங்கே ஒருவன் திருடினால்கூட நாலு நாளில் மறந்துவிடுவார்கள். வறுவலைத் தீய விட்டவனைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லிச் சிரிப்பார்கள்.

ரோசாந்தாவுக்கு உறைத்தது. அவள் கடையில் வறுவல் போடுவதே இல்லை. முற்றத்துக் கொப்பரையில் போன சனிக்கிழமை கொழுப்பு உருக்கியது ஒரே ஒரு ஆள். தன் வீட்டில் இடம் போதவில்லை என்று கேட்டார், கூம் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? அவள் அன்றைக்குச் சந்தையில் இருந்தாள்.

மண்வெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஜிவோத்தாவின் முன்னால் நிறுத்தினாள்.

"கூமே, இது யாரோடது?"

"ரோசாந்தா" என்றான் ராதிவோய், பல்லைக் கடித்துக்கொண்டு. "கூமை இந்த வீட்டில எவரும் விசாரிச்சதில்ல. அதுவும் இன்னைக்கு. நீ தொட்டியை வாரலைன்னே இருந்துட்டுப் போகட்டும். உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

"அடுப்பு குறையும். நான் வாரலைன்னு யாரும் இருந்துட்டுப் போகக் கூடாது. கூமே, கேட்டேனே?"

ஜிவோத்தா வேர்த்தார். பதில் வந்தது அவர் மனைவி கொசானாவிடமிருந்து.

"என்னங்க, இந்த வருஷ வறுவல் எங்கன்னு கேட்டதுக்கு, வியன்னாவுல இருக்கிற மகளுக்கு அனுப்பியாச்சுன்னு சொன்னீங்களே?"

முற்றத்தில் எவனோ களுக்கென்று சிரித்தான். அதோடு கூம் உடைந்தார்.

"அவதான் போன் பண்ணா" என்றார். "வியன்னாவுலருந்து. பேரன் பேசறான், தாத்தாங்கறான். விறகை வேற நிறையப் போட்டுட்டேன். திரும்பிப் பாத்தா ஒரே புகை. இந்தக் கையால வாழ்நாள் பூரா வறுவல் போட்டிருக்கேன், ஒரு தடவை தீஞ்சதில்ல. இவளுக்குத் தெரிஞ்சா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. சரி, யாரும் பாக்கறதுக்குள்ள அந்தக் கொப்பரையோட உங்க முத்தத்துச் சாக்கடையில..."

"ஊத்திட்டீங்க."

"ஊத்திட்டேன். சூடா இருந்துச்சு, சுளுவா இறங்கிடுச்சு. இறுகும்னு தோணல."

"அந்தச் சாக்கடை தொட்டிக்குத்தான் போகுது. பாதி அங்க நின்னுது, மீதி குழாய் வழியா உங்க நிலவறைக்கு வந்துது" என்றாள் ரோசாந்தா. "அதுக்கு என் மேல புகார்."

"என் வறுவல்தான் என் முட்டைக்கோஸை மூழ்கடிச்சுதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? இப்ப இந்தத் துண்டைப் பாத்தப்புறம்தான் தெரியுது. நீ சம்மட்டியைத் தூக்கினப்போ ஏதோ நெஞ்சுல உறுத்துச்சு."

தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்கள். கூமின் விஷயத்தில் வீடு சுடவில்லை, ஊறுகாய் நாறிப்போயிற்று. கொசானா வாயைத் திறக்காமல் அவரைப் பார்த்த பார்வையில் வியன்னா மகள்கூடப் பயந்திருப்பாள்.

ஜிவோத்தா தன் நல்ல கோட்டைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தார்.

"இன்னொரு மண்வெட்டி இருக்கா ரோசா?"

"இருக்கு கூமே. கொட்டகையில, கதவுக்குப் பின்னாடி."

இருவருமாய் வாரினார்கள். கூம் வெட்டிக் கொடுக்க, ரோசாந்தா டிரம்மில் போட்டாள். சுவரில் ஒட்டியதைச் சுரண்டினாள். குழாய் வாயில் கையை விட்டு, தக்கை மாதிரி அடைத்திருந்ததை இழுத்து எடுத்தாள். முழங்கை வரை கொழுப்பு. கிழவர்கள் கோப்பையும் கையுமாய்ச் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். கூமை நோக்கி, "தீய விடாம வாருங்க" என்றார் ஒருவர். அந்தக் கேலி இனி அவர் கல்லறை வரை வரும்.

இன்ஸ்பெக்டர் யாவோர்கா வந்தபோது தொட்டி வெறுமையாய் வாய் திறந்து கிடந்தது. ஒல்லியான பெண், ரப்பர் பூட்ஸ், கையில் டார்ச். ராதிவோய் முந்திக்கொண்டு ராக்கியாவோடு ஓடினான். அவள் ராக்கியாவைத் தொடவில்லை. கோதுமை ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு, திருநாள் வாழ்த்துச் சொன்னாள்.

"மரியாதை முடிஞ்சுது. இப்ப தொட்டியக் காட்டுங்க."

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ரோசாந்தா அடுப்படிக் குழாயைத் திறந்துவிட, தண்ணீர் தொட்டிக்குள் வந்து, நிறைந்து, மறு பக்கம் ஒழுங்காய்ப் போயிற்று. இன்ஸ்பெக்டர் டிரம்களைப் பார்த்தாள், உடைந்த டைல்ஸைப் பார்த்தாள், பூட்ஸ் இல்லாமல் கொழுப்பில் நின்ற கூமைப் பார்த்தாள்.

"புகார் கொடுத்தவர் நீங்கதானே?"

"நான்தான். வாபஸ்" என்றார் ஜிவோத்தா.

"சீல் வைக்க வேண்டியதில்ல" என்றாள் யாவோர்கா. "ஆனா இந்த மூடி மேல மறுபடி யாராவது டைல்ஸ் பதிச்சா, நானே வந்து கடையப் பூட்டுவேன். யார் பதிச்சது?"

எல்லோரும் ராதிவோயைப் பார்த்தார்கள். அவன் நிமிர்ந்து நின்றான்.

"நான் பதிச்சேன்" என்றான். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அடுப்பு பிழைத்தது. ரோசாந்தா போய்க் கை கழுவினாள். உட்கார நேரமில்லை, ரொட்டிக்கு ஜெபம் சொல்லக் கோயில் சாமியார் வந்துவிட்டார்.

ஸ்லாவா ரொட்டியை வெட்டும் நேரம். மேசையைப் பழைய இடத்தில் போட முடியாது, அங்கே குழி. வாசலருகே போட்டார்கள். சாமியார் ரொட்டியில் சிலுவையாய்க் கீறி மது ஊற்றினார். இனி வீட்டுக்காரர்கள் இருவர் அதைப் பிடித்துச் சுற்றி, முத்தமிட்டு, இரண்டாய்ப் பிய்க்க வேண்டும். தகப்பன் செத்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும்தான் பிடிப்பார்கள்.

திஹோமிர் கையை நீட்டினான். ராதிவோய் நீட்டவில்லை.

"முதல்ல வீட்டைப் பிரிப்போம். ரொட்டியை அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்றான். "ஊர் முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சாச்சு. போதும். இதுல பாதி என்னுது. புதன்கிழமை வக்கீலோட வர்றேன். என் பாதியில நான் பந்தயக் கடை வைப்பேன், பன்னிக் கொட்டில் வைப்பேன், எவரும் கேக்கக் கூடாது."

ரொட்டி திஹோமிரின் கையில் ஒற்றையாய் நின்றது. சாமியார் இருமினார்.

ரோசாந்தா கையைச் சட்டைமேல் துடைத்துக்கொண்டு வந்து ரொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"கை கழுவினியாம்மா?" என்றார் சாமியார், மெல்ல.

"மூணு தரம் கழுவினேன் சாமி. வாடை ஞாயித்துக்கிழமை வரைக்கும் போகாது. மிக்கேலுக்கு ஆட்சேபணை இருந்தா அவர் சொல்லட்டும்."

மிக்கேல் ஒன்றும் சொல்லவில்லை. சாமியார் ஜெபத்தைத் தொடங்கினார். கணவனும் மனைவியும் ரொட்டியைச் சுற்றினார்கள், முத்தமிட்டார்கள், பிய்த்தார்கள். பிறகுதான் அவள் ராதிவோய் பக்கம் திரும்பினாள்.

"பாதி உங்களுதுதான் அத்தான், நான் இல்லங்கல. எந்தப் பாதின்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க. தொட்டி இருக்கிற பாதியா, அடுப்பு இருக்கிற பாதியா? தொட்டிப் பாதின்னா திங்கக்கெழமதோறும் மண்வெட்டியோட நீங்க வரணும். அடுப்புப் பாதின்னா இப்பவே உள்ள போங்க. இவ்வளவு சனத்துக்கும் சோறு நீங்க போடுங்க."

கூட்டம் ராதிவோயைப் பார்த்தது. பசி நேரம் வேறு. அவன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"புதன்கிழமை" என்றான்.

"வாங்க. ஆனா புதன்கிழமை விரதம். பீன்ஸ்தான் இருக்கும்."

அவன் சாப்பிடாமலேயே போனான். ஸ்லாவா அன்று சொந்த வீட்டில் சாப்பிடாமல் போனவனை அந்தத் தெரு பார்த்ததில்லை.

பந்தி நடந்தது. கூம் இரண்டு தட்டு சாப்பிட்டார், கொசானா பரிமாற மறுத்ததால் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு. முதல் சுற்றுத் தட்டுகள் அடுப்படிக்கு வந்தன. ரோசாந்தா குழாயைத் திறந்தாள். தண்ணீர் நுரைத்து, சுழித்து, நிற்காமல் இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சும்மா நின்றாள்.

திஹோமிர் உள்ளே வந்தான். கதவைச் சாத்தினான். சாத்த மாட்டான் அவன், எப்போதும் திறந்துதான் கிடக்கும் அந்தக் கதவு.

"ரோசா, அந்த டைல்ஸ்... அண்ணன் மட்டும் பதிக்கல."

"தெரியும். சிமெண்ட்டு நீ கலந்திருப்ப. உங்கண்ணன் சொன்னா நீ விஷத்தையும் கலப்ப."

"அது இல்ல." அவன் காலரைத் தளர்த்திக்கொண்டான். "மூடி இருந்த இடத்துக்கு வந்ததும் அவர் நிறுத்திட்டாரு. 'இதை விட்டுடலாம்டா, ரோசாந்தாவுக்கு வேணும்'னாரு. நான்தான் மூடச் சொன்னேன்."

அவள் குழாயை மூடினாள்.

"நீயா?"

"எனக்கு முடியல. தினம் புகை, தினம் கொழுப்பு. கடை தானா நின்னு போச்சுன்னா நெவெனா பக்கத்துல போய் இருக்கலாம், பேத்தியைத் தூக்கிட்டு உக்காந்திருக்கலாம்னு நினைச்சேன். உங்கிட்ட சொல்லப் பயம். அதான் திருநாள் சாக்கை அண்ணனைச் சொல்ல வெச்சேன்."

காலையிலிருந்து ராதிவோய் தம்பியைப் பார்த்த பார்வை எல்லாம் இப்போது அவளுக்கு விளங்கியது. பந்தயக் கடைக்கு ஆசைப்பட்டவன்தான். ஆனாலும் ஊர் முழுக்க அவன் முகத்தையே பார்த்தபோது, "நான் பதிச்சேன்" என்று நின்றானே தவிர, தம்பியைக் கைகாட்டவில்லை. அவள் அவனைத்தான் சோறு தின்னாமல் அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு அழவேண்டும் போலிருந்தது, அழவில்லை. ரெண்டு மாசம் அவள் தட்டுத் தட்டாய்த் துடைத்ததை இந்த மனிதன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊர் என்னைச் சோம்பேறின்னு சொன்னப்பக் கூட நீ வாயத் திறக்கல."

திஹோமிர் அழுக்குத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினான்.

"அத்தான் புதன்கிழமை வக்கீலோட வர்றாரு. மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உக்காருவாரு, இந்தப் பக்கம் நான். நீ எந்தப் பக்கம் உக்காரப் போற?"

முற்றத்திலிருந்து இன்னும் கறி கேட்டுக் குரல் வந்தது. அவன் கதவுப் பக்கம் பார்த்தான்.

"இப்ப சொல்ல வேணாம்" என்றாள் ரோசாந்தா. பெரிய தட்டில் கறியை அடுக்கி இரண்டு கையாலும் தூக்கினாள். "நல்லா யோசிச்சு உக்காரு. ஆனா யார் எங்க உக்காந்தாலும், வர்ற திங்கக்கெழம அந்த மூடிய நான் திறப்பேன்."

தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள்.